மடிக்கணினி ஏன் திடீரென்று அணைந்துபோகிறது?

வீட்டில் விளக்கு அணைந்துவிட்டால் நாம் முதலில் பார்ப்பது பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்பதைத்தான். அங்கும் இருட்டென்றால் குறை தெருவிலோ துணைமின் நிலையத்திலோ இருக்கிறது. அங்கே எரிந்தால் நம் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பார்க்கிறோம். இந்த எளிய செயலில் நல்லதோர் அறிவியல் முறை அடங்கியிருக்கிறது. குறை இருக்கக்கூடிய இடங்களை இரண்டாகப் பிரித்து, ஒரே சோதனையில் ஒரு பாதியை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், பழைய மடிக்கணினி ஒன்று வேலையின் நடுவே திரை கறுத்து அணைந்துவிட்டால் மட்டும் நம்மில் பலர் இந்த முறையை மறந்துவிடுகிறோம். "மதர்போர்டு போய்விட்டது" என்று எவராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல இலட்சம் குடும்பங்களுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. அண்ணன் படித்த கணினியில் இன்று தங்கை படிக்கிறாள். அது அணைந்து அணைந்து போனால், புதிதொன்று வாங்குவது பல வீடுகளில் எளிய செயலன்று. ஆறு மாதம் உழைத்துத் தட்டெழுதிய திட்டக் கட்டுரை அழிந்துபோவதும் உண்டு. ஆனால், இப்படி அணைகிற கணினிகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது தூசி நீக்கமோ ஒரு புதிய மின்கலமோதான். எது என்று கண்டுபிடிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலே பெரும்பாலும் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினி தானாக அணைவது பல சமயங்களில் பழுது அன்று, பாதுகாப்பு. வீட்டில் மின்னோட்டம் மிகும்போது எம்.சி.பி. விழுவதைப் போன்றது அது. மடிக்கணினிக்குள் இத்தகைய காவலர்கள் சிலர் இருக்கிறார்கள். செயலியின் சில்லுக்குள்ளேயே வெப்பநிலையை அளக்கும் உணரி இருக்கிறது. மின்கலப் பெட்டிக்குள் தனியே ஒரு சிறு மின்சுற்று அமர்ந்து ஒவ்வோர் அறையின் மின்னழுத்தத்தையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வெளியே உள்ள அடாப்டருக்கும் மிகையோட்டக் காப்பு உண்டு. எந்தக் காவலர் கதவை மூடினார் என்பதே நம் கேள்வி.

வெப்பத்தின் வழி

மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. பம்பு நீரை மேலேற்றுகிறது. கணினியோ எதையும் தூக்குவதுமில்லை, நகர்த்துவதுமில்லை. அதற்குள் செல்லும் மின்னாற்றலில் திரையின் ஒளியாகவும் ஒலிபெருக்கியின் ஓசையாகவும் செல்லும் சிறு பங்கு போக, மற்றதெல்லாம் அங்கேயே வெப்பமாக மாறுகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குவதை வானொலி பழுதுபார்க்கும் கடையில் பார்த்திருப்பீர்கள். அதே 25 வாட் திறனை விரல் நகத்தளவேயுள்ள சிலிக்கன் சில்லு ஒன்று வெளியிடுகிறது. அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், வெப்பம் வெளியேற ஒரு நல்ல வழி அமைத்துக் கொடுத்திருப்பதுதான்.

அந்த வழி வருமாறு: சில்லின் மேல் மெல்லிய பசை, அதன்மேல் செப்புத் தகடு, தகட்டிலிருந்து புறப்படும் தட்டையான வெப்பக்குழாய், குழாயின் மறுமுனையில் சீப்பின் பற்களைப்போல அடுக்கிய உலோகத் தகடுகள், அவற்றினூடே காற்றைத் தள்ளும் சிறு விசிறி. இவற்றுள் வெப்பக்குழாய் அழகான ஒரு கருவி. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் 1963ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். காற்றை நீக்கி மூடிய குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். அழுத்தம் குறைவாதலால் அந்நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே ஆவியாகி, உள்ளுறை வெப்பத்தை ஏந்திக்கொண்டு குளிர்ந்த முனைக்குச் செல்கிறது. அங்கே நீராகிக் குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, திரும்பி வருகிறது. 25 வாட் வெப்பத்தைக் கடத்த நொடிக்கு ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு நீர் ஆவியானால் போதும். வளைத்தோ நசுக்கியோ கெடுத்தாலொழிய இக்குழாய் எளிதில் பழுதாவதில்லை. பழுதாவது அதன் இரு பக்கங்களிலும் உள்ளவை.

பசையை எடுத்துக்கொள்வோம். சில்லும் செப்புத் தகடும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், அவற்றினிடையே நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அப்பள்ளங்களில் காற்று இருந்தால் வெப்பம் தடைப்படும். செப்பின் வெப்பங்கடத்தும் திறன் காற்றைப்போல ஏறத்தாழப் பதினையாயிரம் மடங்கு. ஆகவே காற்றை வெளியேற்றவே பசை இடப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் வரும்போது அப்பசை உலர்ந்து வெடிக்கிறது; அல்லது சில்லின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிடுகிறது. காற்று மீண்டும் உள்ளே வருகிறது.

தூசியின் கதை இதைவிட எளிது. விசிறிக்கும் உலோகப் பற்களுக்கும் இடையே, பற்களின் உட்பக்கத்தில், தூசியும் துணியிழையும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல ஒரு படலம் படிந்துவிடும். வெளித்துளை வழியே வாயால் ஊதுவதால் இது போகாது. சில சமயம் இன்னும் இறுகிவிடும். விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

இவற்றின் விளைவை ஓம் விதியைக் கொண்டே கணக்கிடலாம். மின்னழுத்த வேறுபாட்டுக்குப் பதில் வெப்பநிலை வேறுபாடு. மின்னோட்டத்துக்குப் பதில் வெப்பத் திறன். மின்தடைக்குப் பதில் வெப்பத்தடை. நம் கணினியில் சில்லிலிருந்து அறைக்காற்று வரையுள்ள மொத்த வெப்பத்தடை, வாட் ஒன்றுக்கு 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 வாட்டுக்கு 50 டிகிரி வேறுபாடு. அறை 30 டிகிரி என்றால் சில்லு 80 டிகிரி. தூசியாலும் உலர்ந்த பசையாலும் அத்தடை 2.8 ஆகிவிட்டால் வேறுபாடு 70; சில்லு 100 டிகிரி. அதே கணினி சித்திரை மாதத்தில் 38 டிகிரி அறையில் இருந்தால் கணக்குப்படி 108. மார்கழியில் ஒழுங்காக ஓடிய கணினி கோடையில் அணைவதற்கு இந்தக் கூட்டல் கணக்கே காரணம். கணினியை மெத்தைமீது வைத்து அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிட்டால் மார்கழியிலும் இதே நிலைதான்.

சில்லு சூடாகும்போது அதிலுள்ள டிரான்சிஸ்டர்களில் கசிவு மின்னோட்டம் மிகுகிறது. கசிவால் வெப்பம் மேலும் கூடுகிறது. ஆகையால் உண்மை நிலை நம் கணக்கைவிடச் சற்று மோசமாகவே இருக்கும்.

ஆனால் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இக்காலச் செயலிகள் சூடான உடனே அணைந்துவிடுவதில்லை. பலவற்றில் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் ஏறிக்கொண்டே போனால்தான் இறுதிக் காப்பாகத் தாமே அணைகின்றன. சில தயாரிப்பாளர்கள் சற்று முன்னதாகவே அணையும்படி அமைத்திருப்பார்கள். எனவே, வெப்பத்தால் அணையும் கணினி பெரும்பாலும் முன்கூட்டியே சாடை காட்டும்: விசிறி இரையும், அடிப்பக்கம் கொதிக்கும், வேலை மந்தமாகும். அணைந்தவுடன் மீண்டும் இயக்கினால் முன்னைவிட விரைவில் அணையும், ஏனெனில் உலோகம் இன்னும் ஆறவில்லை. அரை மணி ஆறவிட்டு இயக்கினால் சற்று நீண்ட நேரம் ஓடும். விசிறி அறவே சுழலாமல் நின்றுவிட்டால் இந்தப் படிகளெல்லாம் மிக வேகமாக நடந்து முடிந்துவிடும். ஆகவே காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பது முதற் சோதனை.

குளிர்ந்திருக்கும் கணினி, மந்தமாகாமல், விசிறி இரையாமல், கத்தரித்தாற்போல் அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகிப்பதில் பயனில்லை. மின்கலத்திடம் செல்ல வேண்டும்.

முப்பத்தைந்து விழுக்காடு இருக்கும்போது ஏன்?

பலரைக் குழப்புவது இதுதான். மின்கலத்தில் 35 விழுக்காடு இருப்பதாகத் திரை காட்டுகிறது. ஒரு படத்தை ஓடவிட்டவுடன் கணினி அணைகிறது. மறுபடி இயக்கினால் அதே 35! "காட்டுவது பொய்" என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பொய்யன்று, மின்னூட்டம் உண்மையாகவே உள்ளே இருக்கலாம். அதை வேண்டிய வேகத்தில் வெளியே எடுக்க முடியவில்லை.

பழைய பேட்டரி உள்ள இருசக்கர வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடிக்கும், செல்ஃப் எடுக்காது. ஹாரனுக்குச் சிறு மின்னோட்டம் போதும்; ஸ்டார்ட்டருக்குப் பெரும் மின்னோட்டம் வேண்டும். மின்கலத்தின் அகமின்தடை மிகுந்துவிட்டால், பெரும் மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்தத்தின் பெரும்பகுதி மின்கலத்துக்குள்ளேயே இழக்கப்படுகிறது.

1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்ததுமான லித்தியம் அயனி மின்கலம்தான் நம் மடிக்கணினிகளில் உள்ளது. இதில் முதுமை இரண்டு வகையாக வருகிறது. எதிர்மின்வாயாகிய கிராஃபைட்டின் மேல் மின்பகுளி வினைபுரிந்து ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அப்படலம் தொடக்கத்தில் மின்வாய்க்குக் காப்பாக இருந்தாலும், ஆண்டுகள் செல்லச்செல்லத் தடிக்கிறது. தடிக்கும்போது லித்தியத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால் கொள்திறன் குறைகிறது. அயனிகளின் போக்குக்குக் குறுக்கே நிற்பதால் அகமின்தடை கூடுகிறது. முன்னதை 'சார்ஜ் நிற்கவில்லை' என்று நாம் உணர்கிறோம். பின்னதைத் திடீரென்று அணையும்போதுதான் உணர்கிறோம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று அறைகள் தொடராக உள்ள மின்கலப் பெட்டி. பாதிக்கும் கீழே இறங்கிய நிலையில் மின்னியக்கு விசை 11.1 வோல்ட் என்க. மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால், அதாவது அறைக்கு 3 வோல்ட் ஆனால், காப்புச் சுற்று துண்டித்துவிடும் என்க. புதிதாக இருந்தபோது அகமின்தடை 0.1 ஓம், இப்போது 0.5 ஓம். கணினி ஒரு கணம் 45 வாட் கேட்கிறது.

மாணவர்கள் இதை எவ்வாறு செய்வார்கள்? 45ஐ 11.1ஆல் வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 4.05 ஆம்பியர். 0.5 ஓமில் இழப்பு 2.03 வோல்ட். மீதம் 9.07 வோல்ட். ஒன்பதுக்குச் சற்று மேலே இருக்கிறது, கணினி பிழைத்துவிடும்! வகுப்பில் இப்படி விடை எழுதினால் அதை மறுப்பது எளிதன்று. ஆனால் கணினி அணைகிறது.

விடுபட்டது இதுதான்: மின்விளக்கைப்போல மின்னழுத்தம் குறையும்போது குறைந்த மின்னோட்டத்தில் திருப்தி அடையும் கருவியன்று கணினி. அதனுள் உள்ள மாற்றிகள், வரும் மின்னழுத்தம் எதுவாயினும் செயலிக்கு வேண்டிய திறனைக் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே மின்னழுத்தம் 9.07 ஆனவுடன் அவை 4.05 ஆம்பியருக்குப் பதில் 45ஐ 9.07ஆல் வகுத்து வரும் 4.96 ஆம்பியரை இழுக்கும். இழப்பு 2.48 வோல்ட், மீதம் 8.62. அதற்கேற்ப 5.22 ஆம்பியர், மீதம் 8.49. இப்படி இறங்கி இறங்கி 8.43 வோல்ட்டில்தான் சமநிலை அடையும். அதற்குள் 9 வோல்ட் எல்லை கடந்துபோயிற்று. காவலர் கதவை மூடிவிட்டார். இருபடிச் சமன்பாடு அமைத்துத் தீர்க்கும் மாணவர்கள் இதே விடையை ஒரே படியில் பெறலாம்.

மின்கலம் புதிதாக இருந்தபோது இதே 45 வாட்டுக்கு 10.68 வோல்ட் இருந்திருக்கும், கவலையே இல்லை. பழைய மின்கலத்திலும், எழுதுவது போன்ற 10 வாட் வேலைக்கு 10.63 வோல்ட் இருக்கும். மணிக்கணக்கில் எழுதலாம், படம் போட்டால் அணையும். அணைந்தபின் மின்னோட்டம் இல்லை, எனவே உள்ளிழப்பும் இல்லை. மின்னழுத்தம் மீண்டும் 11.1க்கு ஏறிவிடும். விழுக்காட்டைக் கணக்கிடும் சில்லு, உள்ளே சென்றதும் வெளியே வந்ததுமான மின்னூட்டத்தைக் கூட்டிக் கழித்து 35 என்கிறது. பானையில் நீர் இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது.

இது கடையில் யாரோ கட்டிய கதையன்று. 2016ஆம் ஆண்டில் ஐபோன் 6, 6எஸ் வகைத் தொலைபேசிகள் மின்னூட்டம் இருக்கும்போதே அணைகின்றன என்ற முறையீடு உலகெங்கும் எழுந்தது. ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் ஒரு மென்பொருள் மாற்றத்தை வெளியிட்டது. அணைவது குறைந்தது, தொலைபேசி மெதுவாயிற்று. முதிர்ந்த மின்கலத்தால் திடீர்த் தேவையை ஈடுசெய்ய இயலாததால், செயலியின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தினோம் என்று அந்நிறுவனம் 2017 டிசம்பரில் விளக்கம் தந்தது. முன்பே சொல்லவில்லையே என்று மக்கள் சினந்தனர். 2018இல் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தனர். இயற்பியல் அளவில் அவர்கள் செய்தது சரியே. நம் கணக்கில் 45 வாட்டை 30 வாட்டாக்கினால் மின்னழுத்தம் 9.5 வோல்ட்டில் நின்றுவிடுகிறது. உங்கள் பழைய மடிக்கணினியிலும் மின்சேமிப்பு நிலையைத் தேர்ந்தெடுத்தால் செயலியின் வேகம் கட்டுப்படும். அதன்பின் அணைவது நின்றுவிட்டால், குற்றவாளி மின்கலமே என்பது ஏறத்தாழ உறுதி; புதிது வாங்கும்வரை காலம் தள்ளவும் இது உதவும்.

விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் மின்கல அறிக்கை ஒன்றைத் தயாரித்துத் தரும் கட்டளை உண்டு. அதில் தொடக்கக் கொள்திறன், இப்போதைய முழுக் கொள்திறன் ஆகிய இரண்டும் இருக்கும். பின்னது முன்னதில் பாதியாகிவிட்டால் அகமின்தடையும் மிகுந்திருக்கும் என்று கொள்ளலாம்.

அடாப்டரும் பொய் சொல்லும் மீட்டரும்

அடாப்டரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் இங்கும் அதே பாடம்தான். கம்பி, பின் சேரும் இடத்தில் வளைந்து வளைந்து உள்ளிழைகள் அறுந்திருக்கும். அல்லது கணினியின் பக்கத்தில் உள்ள செருகுவாய் தளர்ந்திருக்கும். கம்பியை அசைத்தால் மின்னூட்டக் குறியீடு வந்து வந்து போகும். நல்ல மின்கலம் உள்ள வரையில் இக்குறை தெரியாது. மின்கலமும் செத்த பிறகே தெரியும்.

பலர் அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்து, "19 வோல்ட் காட்டுகிறது, அடாப்டர் நல்லது" என்கிறார்கள். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறிது. பத்து இழைகளில் ஒன்றே ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 19ஐக் காட்டும். 3 ஆம்பியர் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். பளுவில்லாமல் அளந்த மின்னழுத்தத்தை நம்பக்கூடாது.

எதை முதலில் செய்வது?

முதலில், முக்கியக் கோப்புகளைப் பென்டிரைவிலோ வேறிடத்திலோ படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மின்சாரம் நிற்கும்போது வட்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையக்கூடும். கணினி பிழைத்தாலும் போன கட்டுரை வராது.

பிறகு பக்கத்து வீட்டு விளக்கைப் பார்க்கும் முறை. கழற்றக்கூடிய மின்கலமாயின் அதைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுங்கள். ஒழுங்காக ஓடினால் குறை மின்கலத்தில். பின்பு அடாப்டரை நீக்கி மின்கலத்தில் மட்டும் ஓட்டுங்கள். இரண்டிலும், இருபது நிமிடம் கழித்தே அணைகிறது என்றால் வெப்பம். அடாப்டரில் மட்டும் அணைந்தால் அதே வகை அடாப்டரை நண்பரிடம் கடன்வாங்கிச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மின்கலத்தையும் பசையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் கணினி சரியாகலாம். எதனால் சரியாயிற்று என்பது தெரியாது, ஒன்றுக்குக் கொடுத்த பணம் வீணாகியிருக்கும்.

அணையாமல் நீலத்திரை தோன்றி மறுபடி தொடங்கினால் அது வேறு நோய்: நினைவகமோ வட்டோ மென்பொருளோ காரணமாகலாம். நினைவக அட்டையைக் கழற்றித் துடைத்துப் பொருத்துவதே சில சமயம் போதும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைப் பார்த்துச் சிலர் அஞ்சுகிறார்கள். முறைப்படி அணைக்கப்படாமல் கணினி மீண்டும் தொடங்கிற்று என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ள மட்டும் அது பயன்படும். எந்தச் சோதனையிலும் பிடிபடாமல், குளிர்ந்த நிலையிலும் நல்ல அடாப்டரிலும் அணைந்தால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்க வேண்டும்.

தூசி எடுக்கக் கடைக்குக் கொடுத்தால், "விசிறியைக் கழற்றிப் பற்களைத் துடைத்து, பசை மாற்றிக் கொடுங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். வெறுமனே 'சர்வீஸ்' என்றால் வெளிப்புறம் மட்டும் பளபளக்கும். காற்றடிக்கும்போது விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவுக்கு மிஞ்சிச் சுழன்றால் அதன் தாங்கி கெடும்.

ஒன்றில் மட்டும் சோதனை வேண்டாம். விசைப்பலகையோ தொடுபலகையோ மேலே புடைத்திருந்தால், அடியிலுள்ள மின்கலம் உப்பியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்திருக்கும். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மின்னூட்டாதீர்கள். எரியக்கூடிய மின்பகுளி உள்ளே இருக்கிறது. கணினியை அணைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது; பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன.

புதிய மின்கலம் வாங்கும்போது அதன்மேல் அச்சிட்டுள்ள உற்பத்தித் தேதியைப் பாருங்கள். மேலே சொன்ன படலம், மின்கலம் பயன்படாமல் கடை அலமாரியில் கிடக்கும்போதும் மெல்ல வளர்ந்துகொண்டேதான் இருக்கும். முழு மின்னூட்டத்திலும் வெயிலிலும் கிடந்தால் இன்னும் விரைவாக வளரும். ஐந்தாண்டு அலமாரியில் இருந்த 'புதிய' மின்கலத்தைவிட, சென்ற ஆண்டு செய்ததற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது மேல்.